பைக்ரிப்டோவோடு மல்லுக்கட்ட வேண்டாம், தம்பி

கேள்வி: சுன்னாகத்தில் எங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்துக்காக அங்கத்தவர் விவரம் பதியும் சிறிய செயலி ஒன்றைப் பைதனில் எழுதுகிறேன். அடையாள அட்டை இலக்கத்தையும் கடன் விவரத்தையும் மறைகுறியாக்கி வைக்க வேண்டும். ஒரு வீடியோப் பாடத்தைப் பார்த்து, பைதனில் மறைகுறியாக்க உதவும் பொதியான பைக்ரிப்டோவை நிறுவப் போனால், 'மைக்ரோசொஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 14 தேவை' என்று சிவப்பில் கொட்டுகிறது. நண்பன் சொல்லி 'கிரிப்டோ' என்பதை நிறுவினேன். அது ஏறியது, ஆனால் ஓடவிட்டால் 'கிரிப்டோ என்ற மொடியூல் இல்லை' என்கிறது. சங்கக் கணினியில் இணையமும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: விஷுவல் சி-யை இறக்கப் போகாதீர்கள். டேட்டாவும் போய், ஒரு பின்னேரமும் போய், அடுத்த பிழையில் வந்து நிற்பீர்கள். பைக்ரிப்டோவின் கடைசிப் பதிப்பான 2.6.1 வெளிவந்தது 2013 ஒக்ரோபரில். அதன்பின் அதைக் கவனிப்பார் இல்லை. உங்கள் பைதனுக்கென்று ஆயத்தமாகக் கட்டிய கோப்பு அதற்குக் கிடையாது. ஆகவே பைதனில் பொதிகளை நிறுவும் கருவியான பிப், அதன் சி மொழி மூலத்தை உங்கள் கணினியிலேயே தொகுக்க (கம்பைல் செய்ய) பார்க்கிறது. தொகுப்பான் இல்லாததால்தான் அந்தச் சிவப்பு. எப்படியோ தொகுத்து முடித்தாலும், அது கூப்பிடுகிற 'டைம்.குளொக்' என்ற கட்டளை பைதன் 3.8 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நினைவக எல்லையை மீறி எழுதும் பாதுகாப்பு ஓட்டை ஒன்றும் அதில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பிழை உங்கள் கணினியில் இல்லை, பாடம்தான் பழசு.

அதன் இடத்துக்கு வந்தது பைக்ரிப்டோடோம். பைக்ரிப்டோவில் இருந்தே கிளைத்ததால், நிரலில் எழுதும் பெயர் மாறவில்லை: கப்பிட்டல் சி-யில் தொடங்கும் 'கிரிப்டோ'தான். வீடியோவில் பார்த்த இம்போர்ட் வரிகள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

நண்பர் சொன்ன சிறிய எழுத்துக் 'கிரிப்டோ' வேறு சாமான். இரண்டுக்கும் தொடர்பில்லை. அதை வைத்துக்கொண்டு மேலே பைக்ரிப்டோடோமை நிறுவினால் விண்டோஸ் ஒரு வேலை பார்க்கும். அதன் கண்ணுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். ஏற்கனவே உள்ள சிறிய எழுத்து ஃபோல்டருக்குள்ளேயே புதிய கோப்புகளைப் போட்டுவிடும். பைதனோ எழுத்துப் பார்க்கும். எல்லாம் நிறுவியிருந்தும் 'மொடியூல் இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் கிரிப்டோ, பைக்ரிப்டோ இரண்டையும் பிப் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பைதன் பொதிகள் போய் உட்காரும் 'சைட்-பாக்கேஜஸ்' ஃபோல்டரைத் திறந்து, சிறிய எழுத்தில் 'கிரிப்டோ' மிஞ்சியிருந்தால் கையாலேயே அழியுங்கள். உங்கள் சொந்த நிரலுக்குக் 'கிரிப்டோ.பிவை' என்று பெயர் வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இனி இணையம் இல்லாத கணினி. வீட்டில் இணையம் உள்ள கணினியில் 'பைதன் -எம் பிப் டவுன்லோட் பைக்ரிப்டோடோம்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், 'வீல்' எனப்படும், ஆயத்தமாகக் கட்டிய ஒரேயொரு கோப்பு இறங்கும். ஏறக்குறைய 2 எம்பிதான். வேறு எந்தப் பொதியையும் அது துணைக்குக் கேட்பதில்லை. உங்கள் நிலைமைக்கு இதை நான் சொல்வதற்கு அதுதான் முக்கிய காரணம். பென்ட்ரைவில் கொண்டுபோய், சங்கக் கணினியில் 'பைதன் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தட்டி, பின்னால் அந்தக் கோப்பின் முழுப் பெயரையும் கொடுங்கள். வெறும் 'பிப்' என்று தொடங்காதீர்கள். ஒரே கணினியில் இரண்டு பைதன் இருந்தால் பிப் ஒன்றில் நிறுவும், நிரல் மற்றதில் ஓடும்.

அங்கே 'இந்தத் தளத்துக்குப் பொருந்தாத வீல்' என்று வந்தால், சங்கத்தில் இருப்பது 32 பிட் பைதனாக இருக்கலாம். பைதனைத் திறந்ததும் வரும் முதல் வரியைப் பாருங்கள். வரி முடிவில் 'வின்32' என்று இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம், 64 பிட்டிலும் அப்படித்தான் காட்டும். சதுர அடைப்புக்குள் இருக்கும் பிட் எண்ணே கணக்கு. 32 என்றால், பிப் பொதிகளை எடுக்கும் பைபிஐ தளத்தின் கோப்புப் பட்டியலில் 'வின்32' என்று முடியும் வீலை எடுங்கள். 64 என்றால் 'வின்_ஏஎம்டி64'. பெயரில் ஏஎம்டி இருந்தாலும் இன்டெல் கணினிக்கும் அதுதான்.

நிறுவியாயிற்று என்று வையுங்கள். வீடியோவில், எந்த முறையில் மறைப்பது என்று சொல்லும் 'மோட்_ஈசிபி' என்று ஒரு வரி இருந்திருக்கும். அதை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். ஈசிபி முறையில் ஒரே சொல்லை ஒரே சாவியால் எத்தனை தரம் மறைத்தாலும் ஒரே விடைதான் வரும். கடன் நிலுவை 'உண்டு', 'இல்லை' என்று அட்டவணையில் ஒரு கொலம் இருக்கிறது அல்லவா? மறைத்தபின் அங்கே இரண்டே இரண்டு கோலம்தான் திரும்பத் திரும்பத் தெரியும். தன் கடன் தீர்ந்தது தெரிந்த ஒருவர் தன் வரியைப் பார்த்தே ஊரின் கடன் முழுவதையும் வாசித்துவிடுவார். சாவியே தேவையில்லை.

'மோட்_ஜிசிஎம்' பாவியுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிய 'நொன்ஸ்' (ஒரு தரம் மட்டும் பாவிக்கும் எண்) சேர்வதால் ஒரே சொல் வேறு வேறாக மாறும். இடையில் யாராவது ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தாலும் திறக்கும்போது பிழை காட்டும். நொன்ஸ், மறைத்த பகுதி, திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் முத்திரையான 'டாக்' மூன்றையும் சேமிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் சரிபார்த்துத் திறக்க முடியாது.

தமிழில் பெயர் பதிகிறவர்கள் முட்டுப்படும் இடம் ஒன்று உண்டு. மறைக்கும் வேலையைச் செய்யும் ஏஇஎஸ்ஸுக்கு எழுத்துச் சரம் கொடுக்க முடியாது, பைட்டுகள்தான் கொடுக்கலாம். 'என்கோட்' செய்து யூடிஎஃப்-8 (எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆக்காவிட்டால், சரத்தை சி நிரலுக்கு அனுப்ப முடியாது என்று நிற்கும். 'நல்லூர்' கண்ணுக்கு நாலு எழுத்து. பைதனுக்கு 7 குறிகள். யூடிஎஃப்-8 இல் 21 பைட்டுகள். கொலத்தின் அகலத்தை எழுத்தெண்ணி ஒதுக்கினால் பெயர் பாதியில் அறுந்துவிடும்.

சாவிக்கு வீடியோவில் வருவதுபோல 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை நிரலுக்குள்ளேயே எழுதாதீர்கள். 'கெட்_ராண்டம்_பைட்ஸ்' மூலம் 32 பைட் எடுங்கள். அதை மறைத்த கோப்பு இருக்கும் ஃபோல்டரில் வைப்பது, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுவது போன்றது. நானும் ஒருகாலம் ரியூட்டரி ஒன்றுக்கு இப்படி ஒரு செயலி எழுதி, சாவி இருந்த ஒரே பென்ட்ரைவை நானே ஃபோமட் பண்ணிவிட்டேன். இரண்டு பட்ச் பிள்ளைகளின் கட்டணக் கணக்கைச் சீ.ஆர். கொப்பியைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. மீட்க வேறு வழி கிடையாது. அப்படி ஒரு வழி இருந்தால் மறைத்ததில் பயனில்லை. சாவியை 64 ஹெக்ஸ் எழுத்தாக அச்சிட்டு, உறையில் இட்டு ஒட்டி, சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். தலைவருக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சங்கத்தில் யாராவது கேட்டால், பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்றைக் காட்டுங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட. இலக்கம் தெரிந்தால் பிறந்த நாளும் தெரிந்த மாதிரித்தான்.

பத்து அங்கத்தவர் விவரத்தை மறைத்து, கணினியை அணைத்துப் போட்டு, உறையில் உள்ள சாவியைத் தட்டித் திறந்து பாருங்கள். திறந்தால் மிச்சத்தையும் ஏற்றலாம். எல்லாம் ஏறியபின் பழைய எக்செல் கோப்பை அழியுங்கள். ரீசைக்கிள் பின்னிலும், எழுதுவினைஞரின் பென்ட்ரைவிலும், யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியிலும் அது இன்னும் கிடக்கும். அவற்றையும் தேடிப் பிடியுங்கள்.