மூச்சைப் பார்த்து ஸ்கேனைத் தொடங்கும் ட்ரிக்கர் இருந்தும் எலிக் கல்லீரலின் எம்.ஆர்.ஐ. படத்தில் நிழல் விழுவது ஏன்?

நிழலைப் போக்க நீங்கள் ஆவரேஜை (ஒரே படத்தைப் பலமுறை எடுத்துச் சராசரியாக்குவது) 4லிருந்து 8 ஆக்கியது உதவாது. நிழலோடு படமும் மங்கும். ஒரு மூச்சுக்குள் எடுக்கும் ஸ்லைஸ்களை (குறுக்குவெட்டுப் படங்களை) குறையுங்கள்.

கோளாறு ட்ரிக்கரில் இல்லை, கணக்கில்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன 15 ஸ்லைஸ், தலா 60 மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 900. எலி நிமிடத்துக்கு 70 மூச்சு விட்டால் ஒரு மூச்சின் நீளமே சுமார் 857. அதில் மார்பு அசையும் நேரத்தை, தோராயமாக 300 என்று வையுங்கள், கழித்தால் அசைவில்லாத இடைவெளி 550தான் மிஞ்சும். கடைசி ஸ்லைஸ்கள் அடுத்த மூச்சில் போய் விழுகின்றன. 8, 7 என இரண்டு மூச்சுக்குப் பிரித்துவிடுங்கள். ஸ்கேன் நேரம் கூடலாம், வேறு வழியில்லை.

சோதிக்க:

1. எடுத்த வரிசைப்படி ஸ்லைஸ்களை அடுக்கிப் பாருங்கள் (இன்டர்லீவ், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தது என்றால், வரிசை மாறியிருக்கும்). கடைசியில் எடுத்தவற்றில் மட்டும் நிழல் என்றால் இதுதான் காரணம்.

2. எல்லாவற்றிலும் இருந்தால் எலிக்குப் பதில் ஃபேன்டமை (அசையாத சோதனைப் பொருளை) வைத்து அதே ஸ்கேனை ஓட்டுங்கள். அதிலும் வந்தால் எலியைக் குறை சொல்ல வேண்டாம், கருவியைப் பாருங்கள்.

மூச்சைக் குறைக்க மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனைத் தாறுமாறாக ஏற்றாதீர்கள். எலி ஏங்கி ஏங்கி மூச்சுவிடும், அசைவு இன்னும் பெரிதாகும், உயிருக்கும் ஆபத்து. உடல் வெப்பம் 37 டிகிரியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: ட்ரிக்கர் போட்டால் டி.ஆர். (ஒரே ஸ்லைஸை மறுபடி தூண்டும் இடைவெளி) மூச்சோடு சேர்ந்து மாறும், எனவே டி1 (தூண்டிய பின் திசுவின் காந்தநிலை மீளும் வேகத்தைக் காட்டும் நேரம்) சார்ந்த ஒப்பீட்டுக்கு இந்தப் படங்களை நம்பாதீர்கள்.