இரண்டாம் ஆண்டிலேயே என்பிஏ ட்ராஃப்டுக்குப் போகலாமா?

என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வுதான் ட்ராஃப்ட். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கேரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு 20 வயது, இங்கேயே பிறந்தவன். டிவிஷன் ஒன் என்ற மேல்நிலைப் பிரிவில் இருக்கும் சிறிய கல்லூரி ஒன்றில் கூடைப்பந்து ஆடுகிறான், இரண்டாம் ஆண்டு. உயரம் 6 அடி 6 அங்குலம். இந்த சீசனில் ஆட்டத்துக்கு 15 புள்ளி, மூன்று புள்ளி ஷாட்டில் 34 சதவீதம். ஒரு ஏஜென்ட் 'இந்த வருஷமே ட்ராஃப்டுக்கு வரட்டும், முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள்' என்கிறார். கோச் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். அவன் அப்பா டிகிரி முடிக்காமல் எங்கேயும் போகக் கூடாது என்கிறார். மூன்று பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. எப்படி முடிவெடுப்பது?"

உங்களை அவசரப்படுத்துகிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அதிலிருந்து தொடங்குகிறேன். ட்ராஃப்டுக்குப் பெயர் கொடுப்பது வேறு, கல்லூரியை விட்டுப் போவது வேறு. ஏப்ரல் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கல்லூரியில் தொடர்ந்து ஆட வேண்டுமென்றால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ வைத்திருக்கும் கெடுவுக்குள், அதாவது மே மாதக் கடைசிவாக்கில், பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷம் மறுபடியும் கொடுக்கலாம். என்பிஏ தனக்கென்று வைத்திருக்கும் கெடு ஜூனில்தான் வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், உங்களுக்கு மே கெடுதான் கெடு. அது தாண்டியும் பெயர் பட்டியலில் இருந்தால், எந்த அணியும் எடுக்காவிட்டாலும் மகனின் கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் முதல் வேலை, பெயரைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்பே என்பிஏவின் இளநிலை மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள். கல்லூரியில் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் இதற்கு உதவும். அணி நிர்வாகிகளின் கருத்தைத் திரட்டி அந்தக் குழு பதில் அனுப்பும்: முதல் 14 இடங்களான லாட்டரிக்குள்ளா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, எடுக்கப்பட வாய்ப்பில்லையா என்று. பதில் உங்களுக்கு மட்டும் வரும். அதில் யாருக்கும் கமிஷன் கிடையாது, ஏஜென்ட் வாயால் கேட்பதைவிட அதை நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

அப்புறம் மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைன், அதாவது வீரர்களை அளந்தும் ஆடவைத்தும் அணிகள் பார்க்கும் சோதனை முகாம். எழுபத்தைந்து பேர் அளவுக்குத்தான் அழைப்பார்கள். அழைப்பு வருகிறதா இல்லையா என்பதே பாதிப் பதில். போனால் காலணியைக் கழற்றச் சொல்லி உயரத்தை அளப்பார்கள். கல்லூரி அட்டையில் 6 அடி 6 என்று போட்டிருக்கும் பல பையன்கள் அங்கே 6 அடி நாலரை ஆகிவிடுகிறார்கள். கைகளை விரித்து நிற்கவைத்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளப்பார்கள். உயரம் ஓர் அங்குலம் குறைந்தாலும் கை மூன்று அங்குலம் நீண்டிருந்தால், அணிகளுக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகள் விட்டுவிட மாட்டார்கள். இன்று இரவே வீட்டுச் சுவரோரம் நிற்கவைத்து இரண்டையும் நீங்களே அளந்து பாருங்கள். என்ன காத்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். இரண்டு சுற்றிலும் சேர்த்து அதிகபட்சம் 60 பேர் எடுக்கப்படுகிறார்கள். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவே இருக்கும் கோடுதான் உங்கள் மகன் விஷயத்தில் எல்லாம். முதல் சுற்றில் வந்தவருக்குச் சம்பளம் அட்டவணைப்படி, முதல் இரண்டு ஆண்டுப் பணம் உறுதி, அடுத்த இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். 2025இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கூப்பர் ஃப்ளாக்குக்கு முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலர். முதல் சுற்றின் கடைசியான 30ஆவது ஆளுக்கே சுமார் 27 லட்சம் டாலர். இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு இப்படி எந்த உறுதியும் கிடையாது. சிலருக்கு நல்ல ஒப்பந்தம் அமையும். பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம், அதாவது என்பிஏ அணிக்கும், கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் அதற்கு இருக்கும் அணிக்கும் நடுவே போய்வரும் வேலை. 2025-26 சீசனில் அதற்குச் சுமார் 6 லட்சத்து 36 ஆயிரம் டாலர். அதுவும் ஓர் அணிக்கு மூன்று பேருக்குத்தான். அதுவும் கிடைக்காமல் வெறும் ஜி லீக் சம்பளம் என்றால், ஒரு சீசனுக்கு 50 ஆயிரம் டாலரைக்கூடத் தொடாது.

பத்து வருஷத்துக்கு முன்பு நீங்கள் கேட்டிருந்தால் கல்லூரிப் பக்கம் தராசுத் தட்டில் வைக்க உதவித்தொகையும் படிப்பும் தவிர எதுவும் இருந்திருக்காது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். 2025-26க்கு ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்க முடியும். பெரிய கூடைப்பந்து அணிகளில் முன்னணி வீரர்கள் டூ-வே ஒப்பந்தத்தைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார்கள். 2021 ட்ராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர்தான். பையன்கள் கணக்குப் போட்டுத்தான் கல்லூரியில் தங்குகிறார்கள். (மகன் அங்கேயே பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் வேறு வீட்டில் பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்தால், குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம். விசாவே போய்விடலாம்.)

அப்படியானால் ஏன் யாருமே சீக்கிரம் போக வேண்டும்? வயதுக்காக. கூடைப்பந்தில் பெரிய பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 19 வயதில் முதல் சுற்றில் போனவன் நான்கு ஆண்டு முடித்து 23இல் இரண்டாவது ஒப்பந்தத்துக்கு வந்துவிடுவான். 22இல் போனவன் வரும்போது 26. ஸ்கவுட்டுகளும் 19 வயதுப் பையனிடம் குறையைப் பார்த்தால் 'கற்றுக்கொள்வான்' என்பார்கள், 23 வயதுக்காரனிடம் அதே குறையைப் பார்த்தால் 'இவ்வளவுதான்' என்று எழுதிவிடுவார்கள். அதனால் லாட்டரிக்குள் வருவான் என்று அணிகளே சொன்னால் தயங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐவன் ராப் 2016இல் லாட்டரிக்குள் போவார் என்று பரவலாகப் பேசப்பட்டார். திரும்பிப் போய் இன்னொரு வருஷம் ஆடினார். 2017இல் 35ஆவது ஆளாக, இரண்டாம் சுற்றில்தான் எடுத்தார்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாரெட் சல்லிஞ்சரும் 2011இல் மேல்வரிசையில் பேசப்பட்டுத் திரும்பிப் போனவர். அடுத்த வருஷம் முதுகுப் பிரச்சினை தெரியவந்து 21ஆவது இடத்துக்கு இறங்கினார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பர்டூவின் ஸாக் ஈடி 2023இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். ஆனாலும் முதல் சுற்று உறுதி என்று சொல்ல ஆளில்லை. பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடியும் அதே விருதை வாங்கி, அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய், 2024இல் 9ஆவது ஆளாகப் போனார். ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்றே வருஷத்தில் பட்டத்தையும் முடித்து, இரண்டு தேசியக் கோப்பையும் வாங்கி, 2018இல் 33ஆவது ஆளாகத்தான் போனார். 2022இல் நியூயார்க் அணியோடு அவர் போட்ட இரண்டாவது ஒப்பந்தம் 10 கோடி டாலருக்கு மேல்.

உங்கள் மகனுக்கு இவர்கள் யாரையும்விட நெருக்கமானவர் ஸ்டெஃபன் கரி. உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கும் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டில், 2008இல் தேசியப் போட்டியில் அணியைக் கடைசி எட்டு அணிகள் வரை கொண்டுபோனார். கான்சஸ் பல்கலைக்கழக அணியிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அப்போதே போயிருக்கலாம், போகவில்லை. உடம்பு ஒல்லி, என்பிஏவில் பாயின்ட் கார்டாகத்தான், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவராகத்தான், ஆட முடியும், அந்த இடத்தில் அவர் அதுவரை ஆடியதே குறைவு. மூன்றாம் ஆண்டு முழுக்க அந்த இடத்தில் ஆடிப் பழகினார். 2009இல் 7ஆவது ஆளாக எடுத்தார்கள். சும்மா 'இன்னும் ஒரு வருஷம்' என்று அவர் திரும்பிப் போகவில்லை, ஒரு குறிப்பிட்ட குறையைச் சரிசெய்யப் போனார். உங்கள் கோச்சிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: அடுத்த வருஷம் இவன் எந்த இடத்தில் ஆடுவான், என்ன புதிதாகச் செய்யவிடுவீர்கள்? அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால், மகன் இருந்தால் அவர் அணிக்கு நல்லது என்பது மட்டும்தான் அவர் சொல்வதன் பொருள்.

மகனின் ஆட்டத்தில் என் கண்ணில் பட்டது அந்த 34 சதவீதம். 6 அடி 6 உயரமுள்ள பையனை என்பிஏ அணி எடுத்தால் ஆட்டத்துக்கு 15 புள்ளி போடச் சொல்லாது. மூலையில் நின்று வரும் பந்தை உள்ளே போடு, எதிரணியின் நல்ல ஆளைத் தடு என்றுதான் சொல்லும். கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 22 அடி ஒன்றேமுக்கால் அங்குலத்தில் இருக்கிறது. என்பிஏ கோடு மூலையில் 22 அடி, மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். அவன் சீசனில் 150 தடவை எறிந்திருந்தால் 34 சதவீதம் என்பது 51 பந்து உள்ளே போனது. 57 போயிருந்தால் 38 சதவீதம். ஆறு பந்துதான் வித்தியாசம்! ஆனால் அந்த ஆறில் பேச்சே மாறிவிடும். 34ஐப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள், 38 என்றால் 'ஷூட்டர்' என்று குறித்துக்கொள்வார்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் ஆறு பந்து என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்பது ஸ்கவுட்டுகளுக்கும் தெரியும். அதனால் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஷாட்) கணக்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதை நீங்கள் எழுதவில்லை. 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கை சரியாக இருக்கிறது, மூன்று புள்ளி வந்துசேரும் என்று நானும் நம்புவேன். 65 என்றால் ஒரு கோடைகாலம் முழுக்க எறியும் முறையிலேயே வேலை இருக்கிறது.

ஏஜென்ட் விஷயம். 'முதல் சுற்றிலேயே' என்கிறாரே, எந்த அணி, எத்தனையாவது இடம், யார் சொன்னது என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தச் சொல்லை அப்படியே நம்பியது. ட்ராஃப்ட் இரவில் வீட்டில் நாற்பது பேர், மேசையில் கேக். முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றில் 45ஆவது பெயரும் போனபோது பையனின் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்த் தட்டு கழுவ ஆரம்பித்தார். வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பையன் இன்று வெளிநாட்டில் நன்றாகவே ஆடுகிறான், ஆனால் அந்த இரவு அவனுக்கு நடந்திருக்க வேண்டியதே இல்லை. ஏஜென்டை வைத்துக்கொள்வதாக இருந்தால் என்சிஏஏ சான்று பெற்றவராக இருக்க வேண்டும், திரும்பிப் போனால் ட்ராஃப்டுக்கான அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும். சான்று இல்லாதவரிடம் கையெழுத்துப் போட்டால் திரும்பும் கதவு மூடிவிடும்.

இன்னொரு கதவை நிறையப் பேர் கவனிப்பதில்லை: ட்ரான்ஸ்ஃபர் போர்டல். வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் அதில் பெயர் போடும் காலம் ஏப்ரலிலேயே முடிந்துவிடுகிறது. ட்ராஃப்டிலிருந்து விலகும் கெடுவோ மே கடைசி. கம்பைன் முடிந்தபிறகு 'திரும்பிப் போவோம், ஆனால் பெரிய கல்லூரிக்கு' என்று தோன்றினால் அப்போது வழி இருக்காது. ஏப்ரலில் இரண்டிலும் பெயர் போட்டு வைக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் போர்டலில் பெயர் போட்டதும் இப்போதைய கல்லூரி உதவித்தொகையைத் தொடராமல் விட்டுவிட முடியும். அதனால் கோச்சிடம் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

என் கணக்கில், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், மகன் இந்த வருஷம் இரண்டாம் சுற்றின் ஓரத்தில் நிற்கிறான். பெயர் கொடுக்கட்டும், அணிகள் கூப்பிட்டால் போய் ஆடிக் காட்டட்டும், ஒவ்வோர் இடத்திலும் சொல்லும் குறையை ஒரு நோட்டில் எழுதி வரட்டும். மே கெடுவுக்குள் ஓர் அணியாவது முதல் சுற்றில் எடுப்போம் என்று நேராகச் சொல்லவில்லையென்றால் பெயரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். இப்போதைய கல்லூரியா, பெரிய கல்லூரியா என்பதை அவனுக்குக் கிடைக்கும் ஆட்ட நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய பெயருள்ள அணியில் பெஞ்சில் உட்கார்ந்து கழியும் ஒரு வருஷம் அவனுக்கு எந்த வகையிலும் உதவாது.

அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: மூன்றாம் ஆண்டு முடிந்து, கோடை வகுப்புகளையும் எடுத்துக்கொண்டால், டிகிரிக்கு மிச்சம் இருப்பது சில பாடங்கள்தான். கரியும் பட்டத்தை முடிக்காமல்தான் போனார், 2022இல் முடித்தார். உதவித்தொகையில் ஆடியவர்கள் பின்னாளில் திரும்பி வந்து படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் எவ்வளவு காலம், எவ்வளவு பணம் தரும் என்பதை, மகன் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் முன்னால் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.