ஏசி மெக்கானிக் படிப்பா? உயரத்தில் ஏறுவதைப் பற்றி முதலில் கேளுங்கள்

அம்மா, பையன் ஏசி மெக்கானிக் ஆகணும் என்கிறான், உங்களுக்கோ அவன் மாடிச் சுவரில் தொங்குவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயம்தான், அதற்காக இந்தப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தொழில் நல்ல தொழில். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை ஏசிக் குழாயில் சுற்றி ஓடும் கேஸ் உறிஞ்சுகிறது, வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் உள்ள கம்ப்ரஸர் அந்த கேஸை இழுத்து அழுத்துகிறது, அங்கே கேஸ் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் அடிப்படை. 1 டன் ஏசி என்றால் எடை இல்லை, மணிக்கு 12,000 பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவனிடம் உங்கள் மகன் தொழில் பழக வேண்டாம்.

இதையெல்லாம் எந்த இடத்திலும் சொல்லித் தருவார்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுவரில் மாட்டும்போது எப்படி நிற்பது என்பதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவதே அங்கேதான். இடுப்பு பெல்ட் போதாது, விழுந்தால் மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு ஹார்னஸ் வேண்டும். அதை எதில் கொக்கி போடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். அமெரிக்க விதிப்படி ஒரு ஆளுக்கான பிடிமானம் 5,000 பவுண்டு, அதாவது 2,200 கிலோவுக்கும் மேல் தாங்கணும், ஜன்னல் கம்பியும் ஏசி பிராக்கெட்டும் அதற்குக் கிட்டவே வராது. இன்னொன்று, ஹார்னஸைப் பிடிமானத்தோடு இணைக்கும் 1.8 மீட்டர் கயிறும் அதிலுள்ள அதிர்ச்சி தாங்கியும் நீண்டு ஆளைப் பிடித்து நிறுத்தவே, கொக்கி போட்ட இடத்திலிருந்து கீழே சுமார் 5.5 மீட்டர் காலியிடம் தேவைப்படும். முதல் மாடியில் அது கிடைக்காது, அதற்குள் தரையில் மோதிவிடுவான், அதனால் அங்கே சாரம் கட்டித்தான் வேலை செய்யணும்.

அப்புறம், ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் கால்களில் ரத்தம் தேங்கி சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே இறக்க ஒரு ஆள் கூட இருக்கணும்.

சேர்க்கும் முன் நீங்களே பயிற்சிக்கூடத்துக்குப் போங்கள். ஹார்னஸ் எங்கே, காட்டுங்கள் என்று கேளுங்கள். தூசி படிந்து அலமாரியில் கிடந்தால் வேறு இடம் பார்க்கலாம், நானும் தேடித் தருகிறேன்.