வானவில் உருவாக முழு அக எதிரொளிப்புதான் காரணமா? நிறங்கள் எப்படிப் பிரிகின்றன? மதியத்தில் ஏன் தெரிவதில்லை?

உங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது, நாளைக்குப் பரீட்சை. சரிதானே? வேறு யாரும் இப்படிக் குறிப்பாகக் கேட்க மாட்டார்கள்.

முழு அக எதிரொளிப்பு இல்லை. வெறும் அக எதிரொளிப்புதான், அதாவது துளிக்குள் போன ஒளியில் ஒரு பங்கு உள்சுவரில் பட்டுத் திரும்புவது. என் மகள் 'முழு' சேர்க்காமல் சரியாக எழுதியதற்கு ஒரு மதிப்பெண் வெட்டிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். "கைடுல முழுன்னுதான் சார் போட்டிருக்கு" என்றார் மிஸ். விடைத்தாளின் பின்பக்கத்திலேயே ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன்.

துளி உருண்டை. ஒளி நுழைந்த இடம், பின்சுவரில் படும் இடம் இரண்டுக்கும் மையத்திலிருந்து கோடு இழுங்கள். இரண்டும் ஆரம், ஆகவே இருசமபக்க முக்கோணம். அந்த ஆரம்தான் பரப்புக்குச் செங்குத்துக்கோடு. நுழைந்ததும் அதோடு என்ன கோணமோ, பின்சுவரிலும் அதே கோணம். வானவில் தரும் கதிருக்கு அது சுமார் 40 டிகிரி. தண்ணீரின் மாறுநிலைக் கோணமோ, அதாவது அதைத் தாண்டினால்தான் ஒளி முழுதும் உள்ளேயே திரும்பும் என்கிற கோணம், கிட்டத்தட்ட 48.6. எங்கே தாண்டுவது? வெளியிலிருந்து நுழைந்த எந்தக் கதிரும் தாண்டாது. பெரும்பங்கு ஒளி பின்பக்கமாகவே வெளியேறிவிடுகிறது. திரும்பி வரும் சொற்பம்தான் நாம் அண்ணாந்து பார்ப்பது.

மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை, நல்லவர், தலைக்கு மேல் வேலை. ஆனால் வேலை நாளில் கூட்டம் வைத்து, அரை நாள் லீவு போட வைத்து, ஐந்து நிமிடம்கூடப் பேச விடாமல், போகும்போது ஆண்டுவிழா டிக்கெட்டைக் கையில் திணிக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி, நிறம். தண்ணீர் சிவப்பைவிட ஊதாவைச் சற்று அதிகமாக வளைக்கும். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து (உங்கள் தலையின் நிழல் விழும் திசை) அளந்தால் சிவப்பு சுமார் 42 டிகிரியில் செறிந்து வருகிறது, ஊதா 40-ஐ ஒட்டி. ஒரே துளி எல்லா நிறத்தையும் உங்கள் கண்ணுக்கு அனுப்பாது. மேலே உள்ள துளியிலிருந்து சிவப்பு, கீழே உள்ளதிலிருந்து ஊதா. கோணத்தை பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-லேயே கணக்குப் போட்டு அச்சிட்டுவிட்டார், நிறத்தை விளக்கியவர் நியூட்டன். கைடு போடுபவர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

பெரிய துளி அடியில் தட்டையாகும், நுண்துளிக்கு அலைக்கொள்கை வேண்டும் என்று சண்டைக்கு வராதீர்கள். தெரியும். பத்தாம் வகுப்புக்கு உருண்டை போதும்.

மதியம் சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும், தரையில் நிற்பவருக்குத் தெரியாது. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே பாருங்கள். எங்கள் தென்காசியில் சீசன் நேரம் என்றால் காலைதான் தோது. முதுகில் வெயில், எதிரே மலைமேல் சாரல். சாயங்காலம் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் இறங்கிவிடும்.

உங்கள் பிள்ளையை 'அக எதிரொளிப்பு' என்றே எழுதச் சொல்லுங்கள். வெட்டினால் அந்த வட்டத்தைப் போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள். எங்களுக்கு அந்த ஒரு மதிப்பெண் இன்னும் வரவில்லை.