சோற்றுக்குப் பதில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிட்டால் சுகர் குறையுமா?

கேள்வி: "சுகர் இருப்பதால் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது ராத்திரி சோறு இல்லை. மரச்சீனி அவித்ததும் மீன்கறியும்தான். சரிதானே?"

மீன்கறி சரி. மரச்சீனி அளவைப் பொறுத்தது. பெரும்பாலும் அங்கேதான் தப்பு நடக்கிறது.

வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். அதே எடை மரச்சீனியில் 35 கிராமுக்கு மேல். அரிசி வேகும்போது தண்ணீரை இழுத்து ஊதிவிடும்; கிழங்கு அந்த அளவுக்கு இழுக்காது. ஆகவே தட்டில் குறைவாகத் தெரிந்தாலும் உள்ளே போவது கூடுதல். கால் கிலோ கிழங்கு தின்றால் முக்கால் தட்டுச் சோறு அல்ல, ஏறக்குறைய 300 கிராம் சோறு தின்ற கணக்கு. ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி என்பது இரண்டுக்கும் பொது.

இரண்டும் ஸ்டார்ச்தான், குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. எச்சிலிலுள்ள அமைலேஸ் அதை வெட்ட ஆரம்பிக்கும், சிறுகுடலில் வேலை முடியும். ரத்தத்துக்குப் போவது எங்கிருந்து வந்தாலும் குளுக்கோஸ்தான். 'கிழங்குதானே, நார் இருக்கும்' என்பார்கள். 100 கிராமில் 2 கிராம்கூடத் தேறாது. புரதமோ சோற்றைவிடக் குறைவு. 1942-ல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான்; ஆனால் பக்கத்தில் மீன் இல்லாவிட்டால் அது வெறும் மாவு. மீனை விட்டுவிடாதீர்கள், அதில் மாவுச்சத்தே இல்லை.

ஒரு வேளைக்கு வெந்த கிழங்கு 100 கிராம், ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்த வேளைக்குச் சோறு வேண்டாம். மசிக்காமல் துண்டாகத் தின்றால் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும். பயறோ கீரையோ ஒரு கிண்ணம் சேருங்கள். தோலைச் சீவி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். சயனைடு தரும் பொருள் அதோடு போகும். கசக்கிற கிழங்கு வேண்டவே வேண்டாம்.

பின்னால் கருப்பட்டிக் காப்பி குடித்தால் கணக்கு கெட்டது. கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், நிறம்தான் வேறு.

இன்சுலினோ, சுகரை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டக் கூடாது. சுகர் 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரை அளவை மாற்றுவது டாக்டரிடம் கேட்டுத்தான்.