வீட்டுப் பெரியவர்களின் டிஎன்ஏ: வாசகர் கேள்விகள்

கேள்வி: துப்பு துலங்காத வழக்குகளுக்கு உதவ எனக்கு டிஎன்ஏ சோதனை ஆகிவிட்டது. பாட்டிக்கும் எடுக்க வேண்டுமா?

முதலில் அவருக்குத்தான் எடுத்திருக்க வேண்டும். துப்பு துலங்காத கொலையில் சிக்கிய டிஎன்ஏ மாதிரிக்கு உரியவரும் நீங்களும் ஒரே எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டியின் வழி வந்தவர்கள் என்று வையுங்கள். இருவரும் பகிர்வது சராசரியாக 0.78 சதவீதம்தான், இத்தகைய ஜோடிகளில் பத்தில் ஒன்றுக்கு அதுவும் தென்படாது. அந்த மூத்தவர்கள் உங்கள் பாட்டிக்குச் சொந்தத் தாத்தா, பாட்டி. அவருடைய மாதிரியில் இந்தப் பங்கு சுமார் 3.1 சதவீதம். அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் கைதான தொடர் கொலைகாரர் ஜோசப் டிஏஞ்சலோவைக் காட்டிக்கொடுத்தது தூரத்துச் சொந்தங்களின் டிஎன்ஏதான். ஆனால் அங்கிருந்து வம்சாவளி வரைந்து ஆளை நெருங்க மாதக்கணக்கில் ஆயிற்று. நெருங்கிய உறவு கிடைத்தால் வேலை வெகுவாகக் குறையும். (சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் பங்கு கூடுதலாகத் தெரியும், உறவு இருப்பதைவிட நெருக்கம் என்று ஏமாறலாம்.)

கேள்வி: பாட்டிக்கு வாய் வறட்சி. எச்சில் குழாய் நிரம்பவில்லை.

நுரை கணக்கில் சேராது. திரவம் கோட்டைத் தொட வேண்டும். கன்னக் குச்சி உள்ள கிட் வாங்குங்கள். பல்செட்டைக் கழற்றி, வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தபின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்கவும். நுனியில் விரல் படக்கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர் என்றால் இரண்டுமே வீண்: தானம் தந்தவரின் டிஎன்ஏ கலந்து வரும்.

கேள்வி: தாத்தா இறந்துவிட்டார். சீப்பில் முடி இருக்கிறது.

அதைத் தொடும் முன் அவருடைய பிள்ளைகளுக்குச் சோதனை செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளிடம் சேர்த்து சராசரியாக அவருடைய டிஎன்ஏவில் 75 சதவீதம், மூவரிடம் 87.5 சதவீதம் கிடைக்கும். வேரில்லாத முடியில் சாதாரண ஆய்வகத்துக்குக் கிடைப்பது தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான். மின்சார ரேசரில் தங்கிய தூள் அதைவிட மேல். எச்சில் தங்கியிருக்கக்கூடிய பழைய கடித உறையின் ஒட்டைப் பிரிக்காதீர்கள். ஆனால் நாக்கால் நனைத்தவர் வேறு யாராகவும் இருக்கலாம். எதுவானாலும் நன்றாக உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அஸ்தியிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: மாதிரியைப் பத்திரமாக வைத்தால் போதுமா?

போதாது. பெட்டியில் இருக்கும் குச்சி எந்த வழக்கோடும் பொருந்தாது.

கேள்வி: சோதனை செய்தால் போலீஸ் தானாகப் பார்க்குமா?

பெரும்பாலான நிறுவனங்களில் பார்க்காது. முடிவுக் கோப்பைப் பதிவிறக்கி ஜெட்மேட்ச் (GEDmatch) என்ற டிஎன்ஏ ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்ற வேண்டும்; 2019 மே மாத விதிமாற்றத்துக்குப் பின் போலீஸ் ஒப்பீட்டுக்கான அனுமதியையும் நீங்களே தேர்வு செய்ய வேண்டும். அந்த முடிவு பாட்டியுடையது. அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, கணக்கை அவருக்குப் பின் யார் நிர்வகிப்பது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.