அந்த ஜன்னலை நீங்கள் தேய்க்க வேண்டாம், தம்பி

தம்பி, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில்லுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, 1920களில் கட்டிய மூன்றடுக்கு மரவீட்டில் நடுமாடி, படுக்கையறை ஜன்னலில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது, மகளுக்கு ஒன்றரை வயது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் ஆள் அனுப்பிச் சுரண்டித் தருகிறேன் என்கிறார், அதற்குள் நானே ஒரு சனிக்கிழமை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடித்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

பொங்கலுக்கு முன்னால் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்து வளர்ந்தவர்கள் நாம், கை துறுதுறுக்கும். அது சுண்ணாம்பு. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978இல்தான் தடை செய்தார்கள். உங்கள் வீட்டு வயதுக்கு, சோதித்து இல்லை என்று தெரியும்வரை அடிப்பூச்சில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். "ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தானே குடித்தோம்?" என்று என் மாமனார் கேட்டார். அந்தச் சொம்பு வெள்ளீயம். பெயிண்டில் இருப்பது காரீயம். வளரும் மூளையைப் பாதிக்கிற விஷம் அது.

கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டால் பெரிய தொல்லை இல்லை, தூளானால்தான் வினை. பழைய மரஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பலகையும் சட்டமும் உரசித் தூள் கொட்டும். தவழும் குழந்தை அதில் கை வைக்கும், கையை வாயில் வைக்கும். உலர் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவிவிடும்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். 2006இல் வூஸ்டரில் இதே மாதிரி வீட்டில் இருந்தோம். பையனுக்கு ஒரு வயதில் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அப்போது 10க்குக் கீழே என்றால் யாரும் பதற மாட்டார்கள். வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் ஓர் ஆளை அனுப்பினார். அவர் எதையும் மூடாமல், ஒரே மதியத்தில் மூன்று ஜன்னல்களை மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டுப் போனார். நானே விளக்குமாற்றால் கூட்டி அள்ளினேன். அடுத்த சோதனையில் 14. கீழே இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மருத்துவர் சொன்னபடி இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள உணவாகக் கொடுத்தோம், கேழ்வரகுக் கூழும் பயறும் தினமும். இப்போது 3.5 வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள்.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். முதலில் பொதுச் சுகாதாரத் துறையின் உரிமம் பெற்ற ஆய்வாளர், எக்ஸ்-கதிர்க் கருவியை ஒவ்வொரு பரப்பிலும் வைத்துப் பார்த்து, எங்கே ஈயம் இருக்கிறது என்று அறிக்கை தருவார். அதன்பிறகுதான் ஈயம் அகற்றும் உரிமம் உள்ளவர்கள் வேலையில் இறங்குவார்கள். நீங்கள் வெளியே தங்க வேண்டும். தரையிலும் வாசலிலும் கெட்டி பிளாஸ்டிக் விரித்து ஒட்டி, சூடேற்றும் குழாயின் வாயையெல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து ஈரத்தோடுதான் சுரண்டுவார்கள். ஜன்னல் பலகைகளைப் பெரும்பாலும் கழற்றிப் புதிது மாட்டிவிடுவார்கள். எல்லாப் பெயிண்டையும் எடுக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு எட்டுகிற, உரசுகிற, உரிகிற இடங்கள்தான் முக்கியம், சிலவற்றை மூடினாலே போதும். கடைசியில் நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் போட்டு, கழுவி, மறுபடி வாக்குவம். அதற்குப் பிறகும் ஆய்வாளர் வந்து தரையிலும் ஜன்னல் திண்டிலும் ஈரத்துணியால் துடைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். அந்த முடிவு சரியாக வந்தால்தான் உள்ளே போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பழைய வீட்டில் ஈயத் தூள் பரவாமல் மராமத்து செய்யும் உரிமம் வேறு, ஈயத்தை அகற்றும் உரிமம் வேறு. வெறும் "சர்டிஃபிகேட் இருக்கிறது" என்றால் எது என்று கேளுங்கள்.

வீட்டுக்காரரோடு சண்டை போடத் தேவையில்லை. மாசசூசெட்ஸ் சட்டம் உங்கள் பக்கம்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஈய ஆபத்தைச் சரிசெய்வது உரிமையாளரின் கடமை. குழந்தை இருக்கிறது என்று வீடு தர மறுக்கவோ, ஈயத்தைப் பற்றிக் கேட்டீர்கள் என்று காலி செய்யச் சொல்லவோ கூடாது. வேலை நடக்கும்போது நீங்கள் வழக்கமான வாடகையைத் தந்தால் போதும், வெளியே தங்க ஆகும் கூடுதல் செலவு அவருடையது. அவருக்கும் இதில் நன்மை இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். ஆய்வுக்கு முன்னால் கண்டவரை விட்டுச் சுரண்டினால் வீட்டில் ஈய ஆபத்தைச் சட்டப்படி சரிசெய்தாயிற்று என்ற சான்றுக் கடிதம் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். அந்தக் கடிதம் இல்லாமல் குழந்தைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு அவர் தலையில்தான். வாய்ப்பேச்சு வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒப்பந்தத்தோடு ஈயம் பற்றிய ஒரு படிவத்திலும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். மாநில இணையதளத்தில் முகவரியைப் போட்டால் அந்த வீட்டின் பழைய ஆய்வு விவரமும் வரும். அவர் இழுத்தடித்தால் நகர சுகாதார அலுவலகத்தை அழையுங்கள்.

அதுவரை அந்த ஜன்னலைத் திறக்காதீர்கள், தொட்டிலைத் தள்ளிப் போடுங்கள். உரிந்த செதிலை ஈரத்துணியால் எடுங்கள், விளக்குமாறு வேண்டாம். சாப்பிடும் முன்னாலும் தூங்கும் முன்னாலும் பாப்பாவின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று சொல்லவில்லையே? இங்கே ஒரு வயதுக்குள் ஒரு தடவை, பிறகு இரண்டு, மூன்று வயதில் செய்யச் சொல்வார்கள். நீங்கள் இப்போதுதான் வந்தவர்கள், மருத்துவரை நாளைக்கே கூப்பிட்டுக் கேளுங்கள். விரலில் குத்தி எடுப்பதில் அதிகமாகக் காட்டினால் பயந்துவிடாதீர்கள், விரலில் தூசி இருந்தாலும் அப்படி வரும். நரம்பில் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமம், கண்மை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

ஆய்வாளர் வரும் நாள் முடிவானதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அறிக்கையில் பல பக்கம் இருக்கும். உட்கார்ந்து சேர்ந்து படித்துவிடலாம்.